ஹபிளின் பங்கு எவ்வளவு?

பள்ளி அறிவியல் ஆய்வகச் சுவரிலும் பாடநூல் அட்டையிலும் நாட்காட்டியிலும் பார்த்துப் பழகிய படம் ஒன்று உண்டு. பழுப்பும் பச்சையுமாக மூன்று புகைத்தூண்கள் எழுந்து நிற்கும். கழுகு நெபுலாவில், ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அந்த வாயுத் தூண்களை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 ஏப்ரலில் படமெடுத்தது. 'படைப்பின் தூண்கள்' என்று பெயர் பெற்ற அப்படத்தின் நிறங்கள் வானியலாளர்கள் ஒதுக்கிக் கொடுத்தவை: ஹைட்ரஜன் உமிழும் ஒளிக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம். எந்தத் தனிமம் எங்கே ஒளிர்கிறது என்று பிரித்துக் காட்ட அதுவே நேர்மையான வழி. அதில் எனக்குக் குறையில்லை. ஹபிளைப் பற்றிய நம் மதிப்பீடு இந்தப் படத்தின் அழகில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

விண்வெளித் தொலைநோக்கிகள் வானியலையே மாற்றிவிட்டன என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். எதை மாற்றின, எவ்வளவு மாற்றின என்று கேட்டால் விரல் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறது. அது போதாது. 1990 ஏப்ரல் 24 அன்று வானேறியபோதே ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவாகியிருந்த கருவி இது. ஹவாயின் மௌனா கேயா மலையுச்சியில் 1993இல் ஆய்வுப் பணியைத் தொடங்கிய முதல் கெக் தொலைநோக்கிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதன் ஆடி 10 மீட்டர் அகலம். ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். ஆகவே கேள்வியை நேராகக் கேட்டுவிடலாம். ஹபிள் இல்லாதிருந்தால் எது தெரியாமலே போயிருக்கும்? எது சில ஆண்டுகள் பிந்தித் தெரிந்திருக்கும்? எது எப்படியும் தெரிந்திருக்கும்? ஹபிளின் பெயரில் எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு சாதனையையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தராசுக்கு எடைக்கல் வேண்டுமல்லவா? அதை வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மனிதன் ஒரு செயற்கைக்கோளைக்கூட ஏவியிராத 1946இலேயே, காற்றுக்கு மேலே தொலைநோக்கி வைத்தால் என்ன கிடைக்கும் என்று அவர் ஓர் அறிக்கை எழுதினார். காற்று புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது, மேலே போனால் அவை கிடைக்கும். காற்றின் அசைவு பிம்பத்தைக் கலைக்கிறது, மேலே போனால் கூர்மை கிடைக்கும். இவற்றோடு, யாரும் கற்பனை செய்யாத நிகழ்வுகளை அது வெளிக்கொணரும் என்றும் அவர் எதிர்பார்த்தார். தடுக்கப்பட்ட ஒளி, கூர்மை, எதிர்பாராதது. இந்த மூன்றில் எதை ஹபிள் உண்மையாகவே தந்தது?

கூர்மைக்குத்தான் அது புகழ்பெற்றது. நல்ல மலையுச்சியிலும் காற்று ஒரு விண்மீனின் பிம்பத்தை அரை வில்நொடி முதல் ஒரு வில்நொடி வரை பரப்பிவிடும். ஹபிள் அதைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறுக்கியது. தொடக்கத்தில் அதுவும் கிட்டவில்லை. ஆடியைத் தேய்க்கும்போது சோதித்துப் பார்த்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்தது. விளைவாக ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்ந்து போனது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகே சொன்ன கூர்மை வந்தது.

அதே காலத்தில் தரையிலிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. காற்றின் அசைவை நொடிக்குப் பலநூறு முறை அளந்து, அதற்கு ஏற்ப ஒரு மெல்லிய ஆடியை வளைத்துப் பிம்பத்தைச் சீராக்கும் தகவமை ஒளியியல் வளர்ந்தது. கெக்கிலும் சிலியிலுள்ள 8.2 மீட்டர் மிகப்பெரும் தொலைநோக்கியிலும் இந்த முறையைக் கையாண்டு, பால்வழியின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி ஓடும் விண்மீன்களின் பாதைகளை ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் ஆகியோரின் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் வரைந்தன. நாற்பது லட்சம் சூரியன்களின் எடை கொண்ட கருந்துளை அங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று அன்றைக்கு வேறில்லை. 2020இல் நோபல் பரிசும் வந்தது. இந்தக் கூர்மைப் பந்தயத்தில் தரையே வென்றது. ஆனால் தகவமை ஒளியியல் அகச்சிவப்பில் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கடினம். சீரான பிம்பமும் வானத்தின் மிகச் சிறு துண்டில்தான் கிடைக்கும். அகன்ற பரப்பில், பார்வை ஒளியில், இன்றும் நாளையும் பத்தாண்டு கழித்தும் மாறாத பிம்பம் என்றால் ஹபிளிடம்தான் போகவேண்டும். கூர்மையைவிட அந்த மாறாமைதான் பெரிய செல்வம் என்று நினைக்கிறேன். அதை அடுத்த வழக்கில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஹபிள் கட்டப்பட்டதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று, அண்டம் விரியும் வேகத்தை அளப்பது. அப்போது வானியலாளர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு முகாம் மெகாபார்செக் ஒன்றுக்கு நொடிக்கு 50 கிலோமீட்டர் என்றது. இன்னொன்று 100 என்றது. இரண்டுக்கும் நடுவில் அண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுக்கும் 2,000 கோடி ஆண்டுக்கும் இடையே ஊசலாடியது. தீர்வு செஃபீட் எனும் மாறும் விண்மீன்களிடம் இருந்தது. அவை ஒளி கூடிக் குறையும் காலத்தைக் கொண்டு அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கலாம் என்று ஹென்ரியேட்டா லெவிட் 1912லேயே காட்டியிருந்தார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தொலைவு தெரியும். கன்னிக் கொத்திலுள்ள விண்மீன் திரள்களில் செஃபீட்களைப் பிடித்துவிட வேண்டும் என்பதே பந்தயம்.

பலரும் மறந்துவிட்ட விவரம் ஒன்று இங்கே இருக்கிறது. 1994 செப்டம்பர் இறுதியில், மௌனா கேயாவிலுள்ள 3.6 மீட்டர் கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கியைக் கொண்டு ஒரு குழு அதைச் செய்து காட்டிவிட்டது. கன்னிக் கொத்தின் ஒரு திரளில் மூன்று செஃபீட்கள். விரிவு வீதம் 87. வெண்டி ஃபிரீட்மேனின் குழு ஹபிளைக் கொண்டு எம்100 என்ற திரளில் கண்ட முடிவு ஒரு மாதம் பிந்தி, முந்தைய முடிவு வந்த அதே ஆய்விதழில் வந்தது. அதில் இருபது செஃபீட்கள், வீதம் 80. முதலில் யார் என்று மட்டும் பார்த்தால் ஹபிளுக்கு இரண்டாம் இடம்.

ஆனால் மூன்று விண்மீன்களுக்கும் இருபது விண்மீன்களுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையோடு முடிவதில்லை. தரையிலிருந்து அந்த மூன்றைப் பிடிக்க மிக அமைதியான காற்றுள்ள இரவுகள் வேண்டியிருந்தன. ஒரு திரளோடு அம்முயற்சியின் மூச்சு அடங்கிவிட்டது. ஹபிளோ நாள் குறித்து, இடைவெளி குறித்து, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் படமெடுத்து, பதினெட்டுத் திரள்களுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்தது. 2001இல் வந்த இறுதி விடை 72, கூடக்குறைய 8. ஐம்பதா நூறா என்ற சண்டை ஓய்ந்தது. இன்று அதே செஃபீட் முறையைச் செம்மைப்படுத்தி அளந்தால் 73 வருகிறது. அண்டத்தின் தொல்லொளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்கில் 67.4 வருகிறது. ஹபிள்தான் அளப்பதில் தவறிவிட்டதோ என்ற ஐயத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் சோதித்தது. செஃபீட்களை ஹபிள் சரியாகவே அளந்திருக்கிறது என்று தெரிந்தது. முரண் இன்னும் தீரவில்லை. மூன்று செஃபீட்களை நம்பியிருந்தால் அப்படி ஒரு முரண் இருப்பதே தெரிந்திருக்காது. இந்த வழக்கில் ஹபிளுக்கு முழு மதிப்பெண் தருவேன். அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்ற துல்லியமான எண்ணை மட்டும் ஹபிளின் பெயரில் எழுதக்கூடாது. அது தொல்லொளியை அளந்த டபிள்யூமேப், பிளாங்க் ஆகிய செயற்கைக்கோள்களுக்கு உரியது.

அண்டத்தின் விரிவை முடுக்குவதாகக் கருதப்படும் கரும் ஆற்றலுக்கு வருவோம். அண்டம் விரிவது வேகமெடுத்துக்கொண்டே போகிறது என்ற 1998ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை ஹபிளின் மகுடம் என்று பல கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. அது தவறு. தொலைதூர சூப்பர்நோவாக்களைத் தேடிப் பிடித்ததில் பெரும்பங்கு சிலியின் செர்ரோ டொலோலோவிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கிக்கு. அவை என்ன வகை, எவ்வளவு தொலைவு என்று நிறமாலை எடுத்துச் சொன்னதில் கெக்கின் பங்கு பெரிது. அவற்றில் சிலவற்றின் பிரகாசத்தைத் துல்லியமாக அளந்ததே ஹபிளின் உதவி. ஹபிள் இல்லாவிட்டாலும் அந்த முடிவு வந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஆடம் ரீஸின் குழு 2004இல் வெளியிட்டதுதான் ஹபிளுக்கே உரியது. இன்னும் தொலைவில், அதாவது இன்னும் பழைய காலத்தில் வெடித்த சூப்பர்நோவாக்களை ஹபிள் கண்டது. அவை அந்தக் காலத்தில் விரிவு வேகம் குறைந்துகொண்டுதான் இருந்தது என்று காட்டின. முன்பு தளர்ந்து பின்பு முடுக்கம் பெற்றது என்ற இந்த வரலாறுதான், சூப்பர்நோவாவின் ஒளியை இடையிலுள்ள தூசு மங்கலாக்கியிருக்கலாம் என்று வாதிட்டவர்களுக்குப் பதிலானது. கண்டுபிடிப்பில் ஹபிள் துணைக்கருவி, அதை ஐயமறுத்ததில் முதன்மைக் கருவி.

1995 டிசம்பரில் நடந்ததைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. ஹபிள் ஆய்வுகளை நடத்தும் பால்டிமோர் நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் விருப்புரிமையில் இருந்த நேரத்தை எடுத்து, சப்தரிஷி மண்டலத்தருகே வெறுமையாகத் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பத்து நாள் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். நூறு மீட்டர் தள்ளிப் பிடித்த டென்னிஸ் பந்து எவ்வளவு இடத்தை மறைக்குமோ அவ்வளவுதான் அந்தத் துண்டு. ஒன்றும் தெரியாமல் போனால் ஆடிக் குறையால் ஏற்கெனவே அடிபட்ட ஹபிளின் பெயர் மீண்டும் கெடும் என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சினார்கள். 342 பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது ஏறத்தாழ மூவாயிரம் விண்மீன் திரள்கள் தெரிந்தன. தொலைவில் உள்ளவை இன்றைய திரள்களைப் போல அழகிய சுருள்களாக இல்லை; சிறியனவாய், ஒழுங்கற்றனவாய், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. திரள்கள் வளர்ந்து வந்தவை என்பதைக் கண்ணால் காண முடிந்தது அங்கேதான்.

இதிலும் கெக்கை மறக்கக்கூடாது. அந்தத் திரள்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று சொல்ல அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்க்கவேண்டும்; அதற்கு 2.4 மீட்டர் ஆடி திரட்டும் ஒளி போதாது. கெக்கின் 10 மீட்டர் ஆடிதான் அந்த வேலையைச் செய்தது. உருவத்தை ஹபிள் கொடுத்தது, தொலைவை கெக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே வரலாறு ஆனது. எந்த வானியலாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வில்லியம்ஸ் அந்தத் தரவைக் காத்திருப்புக் காலம் வைக்காமல் உடனே பொதுவில் வைத்தார். உலகெங்கும் உள்ள தரைத் தொலைநோக்கிகள் அந்த ஒரே துண்டின்மேல் திரும்பியதற்கு அதுவே காரணம். படத்தைக் காட்டிலும் அந்த முடிவு வானியலாளர்களின் பழக்கத்தை மாற்றியது. இன்று ஹபிளின் காப்பகத் தரவைக் கொண்டு எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள், புதிதாக நேரம் பெற்றவர்கள் எழுதுவதைவிட அதிகம். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவி இணைய வசதி மட்டும் கொண்டு அதே தரவை எடுத்து ஆராயலாம்.

எதிர்பாராததைத் தந்ததா என்ற ஸ்பிட்சரின் கேள்விக்கு நல்ல விடை புறக்கோள்களில் இருக்கிறது. 1990இல் ஹபிள் ஏறியபோது சூரியனைப் போன்ற வேறு எந்த விண்மீனைச் சுற்றியும் கோள் ஒன்று இருப்பதாகத் தெரியாது. முதலாவது 1995இல், தரையிலிருந்துதான், கண்டுபிடிக்கப்பட்டது. 1999இல் கொலராடோவில் வெறும் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று, தன் விண்மீனின் முன்னால் கடக்கும் கோளை முதன்முதலாகப் பிடித்தது. அந்தக் கோள் கடக்கும்போது விண்மீன் ஒளியில் சிறு பகுதி கோளின் காற்று மண்டலத்தின் ஊடே வருமல்லவா? அதை ஹபிள் அளந்தது. சோடியத்தின் நிறத்தில் மட்டும் கூடுதலாகப் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு ஒளி குறைவதாகத் தெரிந்தது. வேறொரு சூரியனின் கோளில் காற்று இருப்பதன் முதல் அடையாளம் என்று 2002இல் வெளியிட்டார்கள். அந்த சோடியம் உண்மையா என்பதையே சிலியிலிருந்து மிகத் துல்லியமான நிறமாலை எடுத்தவர்கள் பின்னாளில் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். விண்மீன் தன்னைத்தானே சுற்றுவது காட்டும் மாயமாகவும் இருக்கலாம் என்றார்கள். அது நியாயமான ஐயம். ஆயினும் பத்தாயிரத்தில் இரண்டு பங்கை நம்பி விவாதிக்க முடிந்ததே விண்வெளியின் அமைதியால்தான். இப்போது வெப் அதே முறையில் கார்பன் டை ஆக்சைடைக் காண்கிறது. எதற்காகக் கட்டினார்களோ அதைத் தாண்டி, கட்டியவர்கள் நினைத்தே பாராத துறைக்குக் கருவி கிடைத்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், விண்வெளியிலிருந்து வந்த மிகப் பெரிய திருப்பங்கள் எவை என்று என்னைக் கேட்டால் ஹபிளை முதலில் வைக்கமாட்டேன். 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உஹுரு சிறியது. கென்யாவின் விடுதலை நாளில் ஏறியதால் சுவாஹிலி மொழியில் 'விடுதலை' என்ற பெயர் பெற்றது. எக்ஸ் கதிர்களில் வானம் முழுவதையும் முதன்முதலாகத் துழாவி 339 மூலங்களைப் பட்டியலிட்டது. கருந்துளை என்பது கணக்கில் மட்டும் இருந்த நிலை மாறத் தொடங்கியது அந்தப் பட்டியலிலிருந்துதான். 1989இல் ஏறிய கோபே, அண்டத்தின் தொல்லொளி வெப்பச் சமநிலையிலுள்ள பொருளின் ஒளியே என்று வளைகோட்டில் பிசிறில்லாமல் காட்டியது. 1992இல் அதில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தைக் கண்டது. கெப்ளர் 2009இலிருந்து ஒன்றரை லட்சம் விண்மீன்களைக் கண்கொட்டாமல் பார்த்து 2,600க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. அதைக் கட்டவேண்டும் என்ற வில்லியம் பொருக்கியின் விண்ணப்பம் நான்கு முறை நிராகரிக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, காற்று அனுமதிக்காத ஒன்றை அளந்தன. நம் பக்கத்திலும் சான்று உண்டு. கொடைக்கானலிலும் ஜவ்வாது மலையின் காவலூரிலும் வான்நோக்கு நிலையங்களை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புற ஊதாத் தொலைநோக்கி, 2015இல் அஸ்ட்ரோசாட்டில் ஏறியது. வெறும் 37.5 சென்டிமீட்டர் ஆடி. 2020இல் அது 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்த ஒரு திரளின் புற ஊதாக் கதிரைப் பிடித்தது. பின்னணி இரைச்சல் குறைவாக இருந்ததால் பெரிய ஹபிளுக்குத் தவறிப்போனது சிறிய கருவிக்குக் கிட்டியது.

செலவைச் சொல்லி ஹபிளைக் குறைகூறுவோர், அந்தப் பணத்தில் பத்து கெக் கட்டியிருக்கலாம் என்பார்கள். படங்களுக்கும் சூப்பர்நோவாக்களுக்கும் அந்த வாதம் பாதி செல்லும். புற ஊதாவுக்குச் செல்லவே செல்லாது. ஹைட்ரஜனின் முதன்மையான நிறக்கோடு 121.6 நானோமீட்டரில் இருக்கிறது. ஏறத்தாழ 310 நானோமீட்டருக்குக் கீழே எதையும் காற்று தரைக்கு விடுவதில்லை. பத்து என்ன, ஆயிரம் கெக் கட்டினாலும் அந்த ஒளியில் ஒரு துளியும் கிடைக்காது. 2009இல் கடைசிப் பழுதுபார்ப்பின்போது பொருத்திய புற ஊதா நிறமாலைக் கருவி, விண்மீன் திரள்களைச் சுற்றி ஐந்து லட்சம் ஒளியாண்டு தூரம் வரை ஆக்சிஜன் கலந்த வாயு பரவியிருப்பதைக் காட்டியது. விண்மீன்களில் சமைந்த ஆக்சிஜன் அவ்வளவு தூரம் வெளியே எறியப்பட்டிருக்கிறது. தொங்கவிட எந்தப் படமும் இல்லாத கண்டுபிடிப்பு இது. பாடநூலில் இதற்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

பழுதுபார்ப்பு என்ற சொல்லிலும் ஒரு கணம் நிற்கவேண்டும். 1993 முதல் 2009 வரை ஐந்து முறை வீரர்கள் போய்க் கருவிகளை மாற்றினார்கள். 1990இல் ஏறிய ஹபிளும் 2009க்குப் பின் இயங்கும் ஹபிளும் ஒரே ஆடி கொண்ட இரண்டு வெவ்வேறு தொலைநோக்கிகள் எனலாம். உஹுருவுக்கும் கோபேவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் வெப்புக்கும் இல்லை.

என் தீர்ப்பு இது. படங்களுக்காகவும் கரும் ஆற்றலுக்காகவும் ஹபிளுக்குத் தரப்படும் பெருமையில் பாதியைத் தரைத் தொலைநோக்கிகளுக்குத் திருப்பித் தரவேண்டும். அண்டம் விரியும் வேகத்துக்கும், திரள்களின் இளமைக்கால உருவத்துக்கும், வேற்றுக் கோள்களின் காற்றை அளக்கும் வழிக்கும் அது பெற்ற பெயர் நியாயமானது. அங்கே வென்றது அதன் மாறாத நிதானம். புற ஊதாவில் மட்டும் அதற்கு இணையோ மாற்றோ கிடையாது. அந்தப் பெருமையைத்தான் நாம் தராமல் இருக்கிறோம்.

இந்தத் தீர்ப்பு சரியென்றால் அது உடனே ஒரு காரியத்தைக் கேட்கிறது. திசை காட்டும் சுழலிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, 2024 ஜூன் முதல் ஹபிள் ஒற்றைச் சுழலியில் ஓடுகிறது. தொலை புற ஊதாவில் அந்த அளவு ஆடி கொண்ட வேறு கருவி இப்போது வானில் இல்லை. அந்த ஒளியையும் பார்க்கும் பெரிய தொலைநோக்கியாக நாசா திட்டமிடும் உயிர்வாழ் உலகங்கள் வான்நோக்ககம் 2040களில்தான் ஏறக்கூடும். பார்வை ஒளியில் படமெடுக்க, ஹபிளின் மாறாமை இல்லாவிட்டாலும், தரையில் ஆள் இருக்கிறது; அகச்சிவப்புக்கு வெப் இருக்கிறது. ஹபிளிடம் மிஞ்சியிருக்கும் ஆண்டுகளின் பெரும்பங்கைப் புற ஊதா நிறமாலைகளுக்கே ஒதுக்கவேண்டும், அழகிய படங்கள் குறைந்துபோனாலும்.